குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்

மாதத்தின் கடைசி வாரத்தில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் அருள்நாதன் குணசுந்தரியின் கடைக்கு வந்தால், இட்லிக்காக மட்டும் வரவில்லை என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். நாலு இட்லி, மேலே வடகறி, அதற்கும் மேலே இன்னொரு கரண்டி வடகறி. தின்று முடித்து, கை கழுவி, மீசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்பார்.

“இந்த மாசம் யாரும்மா பேரு குடுக்குறீங்க?”

ஸ்டேஷனில் மாதத்துக்கு இத்தனை பெட்டி கேஸ் காட்டியாக வேண்டும். ரோட்டில் சத்தம் போட்டான், வழியை மறித்தான் என்பது மாதிரி சில்லறைக் கேஸ்கள். அதற்கு ஆள் தேடி வெயிலில் அலைவதைவிட, ரோட்டோரம் கடை போட்டவர்களிடம் பேர் வாங்கிக்கொள்வது சுலபம். பேர் கொடுத்தவர் சொன்ன தேதியில் கோர்ட்டில் போய் நிற்பார். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்கிறேன் என்பார். அபராதத்தை ஸ்டேஷனே கட்டிவிடும். மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம். பதிலுக்கு, அந்த மாதம் முழுக்க வண்டியையும் குண்டானையும் யாரும் தூக்க மாட்டார்கள்.

பதினோரு வருஷமாக இப்படித்தான். வரிசையில் ஏழு கடை; மாதத்துக்கு இரண்டு பேர். தண்ணி லாரிக்குக் குடம் வைப்பது மாதிரி அதற்கும் ஒரு முறை இருந்தது. முறைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் வேறு யாராவது போய் நிற்பார்கள். யாரும் அதைக் கேஸ் என்று சொன்னதில்லை. ‘பேரு குடுக்கறது’ என்றுதான் சொல்வார்கள்.

கடை இருப்பது எண்ணூர் விரைவுச் சாலையில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டின தூரம் நிற்கும். சில நாள் காலையில் வந்த வண்டி மறுநாள் காலைவரை அங்கேயே நிற்கும். டிரைவர் வண்டியை விட்டு இறங்கிப் போக முடியாது; பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் சோறு வண்டியைத் தேடிப் போக வேண்டும். குணசுந்தரி கடலைப் பருப்பை ஊறவைத்து, நறநறவென்று அரைத்து, உருட்டிப் பொரித்து, பொரித்ததை உதிர்த்து மசாலாவில் கொதிக்கவிடுவாள். மூடியின் மேல் கரித்தூள் விழுந்துகொண்டே இருக்கும். துடைப்பாள். அடுத்த ஈடு வேகிறதற்குள் மறுபடி கறுத்துவிடும். மேற்கிலிருந்து காற்றடித்தால் மணலி ரிஃபைனரி வாடை. கிழக்கிலிருந்து அடித்தால் பக்கத்துக் கடை பிலோமி வறுக்கிற காரப்பொடி மீன் வாடை. டிரைவர்கள் இரண்டையும் சேர்த்து மோந்துகொண்டு தின்பார்கள்.

அந்த வடகறியில்தான் அவள் மகள் சங்கமித்ரா பி.எஸ்ஸி. படித்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து ஒன்றரை வருஷம் வேலை தேடினாள். கூப்பிட்ட இடத்திலெல்லாம் ‘எந்த ஏரியா’ என்று கேட்டார்கள். சொன்னதும் ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். கடைசியில் போலீஸ் பரீட்சை எழுதினாள். விடிகாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடிப் பழகினாள். டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கிண்டல் செய்தார்கள், சிலபேர் நேரம் பார்த்துச் சொன்னார்கள். எழுத்து, ஓட்டம், தாண்டல், உடம்புப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறி, பட்டியலில் பேர் வந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தை விசாரணை அறிக்கை.

செய்தி கேட்ட அன்று கடை வரிசையில் வேலையே ஓடவில்லை.

“நம்ம லைன்ல ஒரு போலீஸ்காரி,” என்றாள் பிலோமி. “இனிமே எவன் கடைய தூக்கறான்னு பாக்கறேன்.”

“மொதல்ல உன் கடையதான் தூக்குவா,” என்றார் டீக்கடை சாலமன். “தெரிஞ்சவங்கன்னு வுட்டுட்டான்னு நாளைக்கு அவமேல பேச்சு வரக் கூடாதுல்ல.”

“எங்க மித்ரா அப்பிடி கெடையாது.”

“சட்டய மாட்டற வரைக்கும் எவனும் அப்பிடி கெடையாது பிலோமி. எங்க அண்ணன் பையன எத்தினி வாட்டி இஸ்துகினு போயிருப்பானுங்க. எலெக்‌ஷன் வந்தா தூக்கு. ஊர்வலம் வந்தா தூக்கு. எவனோ மந்திரி இந்தப் பக்கம் போனான்னா தூக்கு. இன்னா பண்ணான் அவன்? வியாசர்பாடில வூடு. அத்தான் பண்ணான்.”

“உனுக்கு அது. எனுக்கு வேற,” என்றாள் பிலோமி. “எம்புருஷன் குடிச்சிட்டு வந்து என் மண்டய ஒடைச்சப்ப, மாதா கோயில்ல போய் சொன்னேன், பொறுத்துக்கோன்னாங்க. அவன் ஆத்தா கிட்ட சொன்னேன், நீ வாய மூடுன்னாங்க. ஸ்டேஷன்ல ஒரு எஸ்.ஐ. பொண்ணு, இந்தா, நம்ம மித்ரா ஒயரம்தான் இருக்கும். வுட்டா பாரு ஒண்ணு. அன்னியிலேர்ந்து அவன் கை நீட்டல. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கும் மெழுவத்தி ஏத்திகினு கீறேன்.”

“அப்ப அந்த எஸ்.ஐ.க்கு ஏத்து. மொத்த ஸ்டேஷனுக்கும் எதுக்கு ஏத்தற.” சாலமன் கிளாஸைக் கழுவிக்கொண்டே மித்ராவைப் பார்த்தார். “ஏ கண்ணு, எம் மச்சான் பைக்க ஸ்டேஷன்ல துரு புடிக்க வுட்டுகினு கீறானுங்க. நீ போனதும் மொத வேலையா அத எடுத்து குடு, இன்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். போலீஸைத் திட்டுவதும் போலீஸிடம் கேட்பதும் அந்த வரிசையில் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில்தான் வரும்.

சிரிக்காத ஆள் மித்ராவின் அப்பன் வேலப்பன். கப்பலில் கன்டெய்னரைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலையில் இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஷிப்ட் முடித்து வருகிற வழியில் பேட்டரித் திருட்டுச் சந்தேகம் என்று பிடித்துப் போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நிஜமான திருடன் அகப்பட்டதும், ‘போய்யா’ என்று அனுப்பிவிட்டார்கள். போகச் சொன்னார்களே ஒழிய வேலப்பனால் நடக்க முடியவில்லை. இடது முட்டி அன்றிலிருந்து மடங்காது. இப்போது ஒரு யார்டில் வாட்ச்மேன்.

“போவாதன்னு சொல்ல மாட்டேன்,” என்றார் மகளிடம். “சம்பளம் கீது, பென்சன் கீது. ஆனா எம் முட்டிய ஒடச்சானே, அவன் வூட்லயும் அவன் அப்பன் இதே மாதிரிதான் சந்தோசப்பட்டிருப்பான்.”

“நான் ஒடைக்கப் போகல நைனா.”

“அவனும் அதுக்குன்னு போயிருக்க மாட்டான்.”

“வேற எவன் வேலை குடுத்தான் சொல்லு. ஏரியா பேரக் கேட்டுட்டுத் துரத்தினாங்களே, அவங்க கால்ல வுழணுமா? மேசைக்கு இந்தப் பக்கமே நின்னுட்டிருக்கோம். ஒரு தடவ நான் அந்தப் பக்கம் ஒக்காந்து பாக்கறேன்.”

வேலப்பன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டார்.

விசாரணைக்கான காகிதம் ஸ்டேஷனுக்கு வந்த அன்று அருள்நாதனே போன் செய்து கூப்பிட்டார். அவர் ராயபுரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். மித்ராவுக்குப் பத்து வயதிலிருந்து அவரைத் தெரியும். ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ‘நம்ம குணா பொண்ணு’ என்று பக்கத்திலிருந்த பெண் காவலரிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரில் அவள் பேரையும் விலாசத்தையும் தட்டினார். தட்டிவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். மறுபடி தட்டினார்.

“மித்ரா, நீ எப்பனா கோர்ட்டுக்குப் போனியா?”

“எதுக்கு அங்கிள்?”

“போனியா?”

“அம்மாவுக்கு டெங்கு வந்தப்ப. ஃபர்ஸ்ட் இயர் படிச்சேன். நீங்கதான வேன்ல ஏத்திட்டுப் போனீங்க.”

அருள்நாதன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஐந்து வருஷத்துக்கு முந்தின தேதி. அவள் பேர், அவள் அப்பன் பேர், அவள் வீட்டு எண். ‘மேற்படி நபர் பொதுமக்கள் நடமாடும் இடத்தில் ஆபாச வார்த்தைகளால் உரக்கக் கூச்சலிட்டு, பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் விதிக்கப்பட்டது.’

இரண்டு முறை படித்தாள்.

“நான் இப்படி எதுவும் பண்ணலியே.”

“யாருமே பண்ணலம்மா. எல்லாருக்கும் அதே வரிதான். பேரையும் தேதியையும் மட்டும் மாத்துவோம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்பல்லாம் இது நோட்டுலதான் இருந்துச்சு. கரையான் தின்னுட்டுப் போயிடும். பழசெல்லாத்தையும் இதுல ஏத்தச் சொல்லிட்டாங்க. அப்ளிகேஷன் ஃபாரத்துல கேள்வி இருக்குமே, உன் பேர்ல வழக்கு ஏதாவது உண்டான்னு. என்ன எழுதின?”

“இல்லைன்னு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேஸு இருந்தா ஒரு தப்பு. இருக்கறத மறைச்சா ரெண்டாவது தப்பு. ரெண்டாவதுதான் பெருசு.”

“நான் மறைக்கல. அத கேஸுன்னே நினைக்கல அங்கிள்.”

“நானும்தான் நினைக்கல,” என்றார் அருள்நாதன். அது பொய்யில்லை. அன்றைக்கு வேனில் போகும்போது அவளுக்கு ஜன்னலோர சீட் கொடுத்தவர் அவர்தான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில். வழி சொல்ல வந்திருந்தார்.

“குணா, இதுக்கு ஒரு வழிதான் இருக்கு. அன்னிக்கு கோர்ட்டுல நின்னது உன் பொண்ணு இல்ல, நீதான், பயத்துல உன் பேருக்குப் பதிலா பொண்ணு பேர சொல்லிட்டன்னு எழுதிக் குடு. நான் அதை வெச்சு மேல அனுப்பறேன்.”

“குடுக்கறேன். இப்பவே குடு, கைநாட்டு வெக்கறேன்,” என்றாள் குணசுந்தரி. பாதி அரைத்த மாவு கையில் ஒட்டியிருந்தது.

“அப்ப அம்மா மேல கேஸ் வராதா?” என்று கேட்டாள் மித்ரா.

அருள்நாதன் சுவரைப் பார்த்தார். “வரலாம். பேர மாத்திச் சொல்லிக் கோர்ட்ட ஏமாத்தினதா ஆவும். ஆனா பாத்துக்கலாம்.”

“யார் பாத்துப்பா?”

“நான் இருக்கேன்ல.”

“அன்னிக்கும் நீங்கதான் இருந்தீங்க.”

குணசுந்தரி மகளைப் பார்த்து முறைத்தாள். “ஏய். வூட்டுக்கு வந்த மனுசன் கிட்ட இன்னா பேச்சு இது. ஜெயிலுக்கே போனாலும் இன்னா இப்ப? நான் இன்னா கலெக்டர் வேலைக்கா போப்போறேன், எம் பேரு கெட்டுப் போவறதுக்கு?”

“பொய்யா ஒண்ணு எழுதினதாலதான் இங்க வந்து நிக்கறோம். அத மூட இன்னொரு பொய்யா? அதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா? போன தடவ நான் உனக்குப் பதிலா. இந்தத் தடவ நீ எனக்குப் பதிலா. நீங்க ஸ்டேஷன்லேர்ந்து ஒரே ஒரு கடுதாசி குடுங்க அங்கிள். பேர் கேட்டது நாங்கதான்னு. அது ஒண்ணு போதும்.”

அருள்நாதன் டீயை மட்டும் குடித்து முடித்தார். அவருக்குப் பென்சனுக்கு ஒன்றே முக்கால் வருஷம் இருந்தது. இரண்டு பெண்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ காலையில் இட்லி தின்றுகொண்டே அவர் சொன்னதுதான். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அதுவரை வாசலில் உட்கார்ந்திருந்த வேலப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ரைட்டரே. உம் கம்ப்யூட்டர் பொட்டில எம் பேரு கீதா பாத்தியா?”

“எதுக்கு வேலப்பா?”

“ரெண்டு நாளு உள்ள வெச்சிருந்தீங்களே. அது கீதா?”

அருள்நாதன் டம்ளரைக் கீழே வைத்தார். “இல்ல. உன் பேர்ல ஒண்ணும் இல்ல.”

“அத்தான் பாத்தேன். முட்டி ஒடிஞ்சவனுக்கு காகிதமே இல்ல. வேன்ல குந்திகினு போய் வந்தவளுக்கு காகிதம் கீது. ஒயுங்காதான் வேலை பண்றீங்க.”

மேலதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று மழை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூர் சுரங்கப் பாதையில் முழங்கால் தண்ணி. மித்ரா சுடிதாரைத் தூக்கிப் பிடித்து, சான்றிதழ் பையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தாள். மேலதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். ஈரமாக நின்றவளுக்கு முதலில் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். பக்கத்தில் பதிவேட்டோடு அருள்நாதன் நின்றார்.

“மார்க் எல்லாம் நல்லா இருக்கு. ஓட்டத்துல உங்க குரூப்ல ரெண்டாவது,” என்றார் அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே. “இதை ஏன்மா எழுதாம விட்ட?”

“அது கேஸுன்னு எனக்குத் தெரியாது மேடம். நான் எந்தத் தப்பும் பண்ணல.”

“பண்ணலன்னா ஏன் ஒத்துக்கிட்ட?”

“எங்க ஏரியால எல்லாரும் அப்படித்தான் மேடம் ஒத்துப்பாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

சொன்னால் ஏழு பேர் வரும். ஏழு கடையும் அடுத்த வாரம் இருக்காது. மித்ரா தன் கால் விரலிலிருந்து வடிந்த தண்ணீரைப் பார்த்தாள்.

“ஸ்டேஷன்ல பேர் கேப்பாங்க. நாங்க குடுப்போம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நான் போனேன். ரைட்டர் சாருக்குத் தெரியும்.”

அதிகாரி திரும்பினார். “தெரியுமா?”

“பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதான் மேடம் எனக்குத் தெரியும்,” என்றார் அருள்நாதன்.

தப்பு செய்தவன் மாதிரி குரல் தடுமாறியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தடுமாறவில்லை. பாட்டுப் பாடிப் பழகின குரல்.

அதிகாரி பேனாவை மூடினார். நல்லவர்போலத்தான் பேசினார். “நீ சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா. நானும் சின்ன ஸ்டேஷன்ல வேலை பாத்தவதான். ஆனா எனக்கு முன்னால காகிதம்தான் இருக்கு. யாரோ உன்மேல எழுதினாங்க, சரி. எழுதினது மட்டும் போதாது. நீ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாட்சி கொண்டா, நிரூபின்னு ஆகியிருக்கும். எவனும் கொண்டுவந்திருக்க மாட்டான், கேஸே நின்னிருக்காது. ஒத்துக்கிட்டது நீதானே.”

உத்தரவு மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. ‘உண்மையை மறைத்த காரணத்தால்’ என்று ஒரு வரி. மித்ரா அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். குணசுந்தரி ‘இன்னொரு வாட்டி படி’ என்றாள். படித்தாள். வேறு எதுவும் அதில் இல்லை.

வரிசையில் எல்லோரும் விசாரித்தார்கள். “வுடு கண்ணு. கலீஜான பொயப்பு அது. நம்மளுக்கு தோது படாது,” என்றார் பைக்கை எடுத்துத் தரச் சொன்ன சாலமன். லாரி டிரைவர் ஒருத்தன், “போலீஸு வேலைக்கு நேர்மையானவங்க வேணுமாம் தங்கச்சி, அதான்” என்று சொல்லி அவனே சிரித்தான். பிலோமி மட்டும் கிட்டே வராமல் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, அழுதாளா என்று தெரியவில்லை. ‘எங்க ஏரியாப் பசங்கள அவனுங்க உள்ளதான் சேப்பானுங்க, வேலையில சேக்க மாட்டானுங்க’ என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

மித்ரா விடிகாலையில் ஓடுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவோடு கடைக்கு வந்தாள். தட்டு கழுவினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு எதுவும் சொல்லவில்லை.

அருள்நாதன் அந்த மாதம் வரவில்லை. வேறு ஒரு காவலர் வந்து பேர் வாங்கிப் போனார். அடுத்த மாதம் கடைசி வாரத்தில் அவரே வந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். குணசுந்தரி தட்டில் நாலு இட்லி வைத்தாள். வடகறி ஊற்றினாள். இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.

மித்ரா அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னா பாக்கற?” என்றாள் குணசுந்தரி, அவருக்குக் கேட்கிற மாதிரியே. “பசிச்சி வந்தவனுக்குப் போடறது என் தொயிலு. உனுக்கு கோவம் கீது, ஒரு மூலையில போயி படுத்துகினு கெட. எனுக்கு கடை கீது.”

அருள்நாதன் குனிந்தபடியே தின்றார். கை கழுவினார். மீசையை இரண்டு தரம் துடைத்த பிறகுதான் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“இந்த மாசம் யாரு?”

“நானு. அப்பால பிலோமி,” என்றாள் குணசுந்தரி. “மொற அதான்.”

பிலோமி அன்று கடைக்கு வரவில்லை. கடை வாசலில் தேங்கிய மழைத் தண்ணியில் நின்று நின்று கால் வீங்கி, சிவந்து, காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். அவள் மகள் ஹெப்சிபாதான் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். லீவு நாளில் வந்திருந்தாள்.

“அம்மாவால நிக்க முடியாது ரைட்டர் சார்,” என்றாள் ஹெப்சிபா. “நான் வரேன். எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. என்னிக்குன்னு சொல்லுங்க, காலேஜுக்கு லீவு போடறேன்.”

அருள்நாதன் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். “முழுப் பேர் சொல்லும்மா.”

“அவ பேர எழுதாதீங்க,” என்றாள் மித்ரா.

தட்டு கழுவிய தண்ணீரோடு வந்து நின்றாள். அருள்நாதன் நிமிர்ந்தார்.

“கேட்டது ரெண்டு பேருதான? அம்மா பேரு ஒண்ணு. இன்னொண்ணுக்கு என் பேர எழுதுங்க. எழுத்து, இனிஷியல் எல்லாம் உங்ககிட்டயே இருக்கு.”

“மித்ரா, நீ எதுக்கும்மா மறுபடி...”

“எழுதுங்க சார்.”

‘அங்கிள்’ என்று அவள் சொல்லாதது அவருக்குக் கேட்டிருக்கும். எழுதினார்.

கோர்ட்டில் காலை பத்தரைக்கெல்லாம் கூட்டம். அந்த வட்டாரத்து ஸ்டேஷன்களிலிருந்து வந்த பெட்டி கேஸ்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தள்ளுவண்டிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், நிஜமாகவே குடித்துவிட்டு வந்த ஒரு ஆள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். பேர் கூப்பிடுகிறவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. ஒத்துக்கறேங்க. அடுத்து. ஒத்துக்கறேங்க. அடுத்து. நீதிபதி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டு போனார். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“சங்கமித்ரா, தகப்பனார் வேலப்பன்.”

கூண்டுக்குள் ஏறினாள். அவள் பேருக்கு எதிரே எழுதியிருந்ததைப் படித்தார்கள். அதே ஆபாச வார்த்தைகள், அதே உரத்த கூச்சல்.

“குற்றத்தை ஒப்புக்கறியா?”

“இல்லைங்க.”

எழுத ஆரம்பித்த பேனா நின்றது. பேர் கூப்பிடுகிறவர், அவள் புரியாமல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “தப்ப ஒத்துக்கறியான்னு கேக்கறாங்கம்மா” என்றார்.

“புரியுதுங்க. ஒத்துக்கல. நான் யாரையும் எதுவும் பேசல. பேசினேன்னு சொல்றவங்க வந்து சொல்லட்டும்.”

நீதிபதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் நின்றவர்களும் பார்த்தார்கள். நீதிபதி வாசலருகே நின்றிருந்த அருள்நாதனைப் பார்த்து, சாட்சிப் பட்டியல் எங்கே என்று கேட்டார். அது அவரிடம் இல்லை. எந்தக் காலத்திலும் அவருக்கு அது தேவைப்பட்டதில்லை. நீதிபதி ஏதோ எழுதி, அடுத்த மாதத்தில் ஒரு தேதி சொன்னார். அந்தத் தேதிக்கு வக்கீல் வேண்டும், அதற்கு அடுத்த தேதிக்கும் வேண்டும், கேஸ் முடிய வருஷம் ஆகலாம் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மித்ரா தலையாட்டிவிட்டு இறங்கினாள். எதையோ கீழே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அடுத்து அம்மா என்று அவளுக்குத் தெரியும்.

“குணசுந்தரி, கணவர் வேலப்பன்.”

குணசுந்தரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். வாசலில் நின்ற அருள்நாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் நின்றவர்களில் அவளுக்குப் பின்னால் கூப்பிட வேண்டிய ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க ஒப்புக்கறீங்களா?” இந்தத் தடவை நீதிபதியே கேட்டார். மெதுவாக, பதிலுக்குக் காத்திருக்கிற குரலில் கேட்டார்.

குணசுந்தரி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒத்துக்கறேன் சாமி,” என்றாள். “நாளைக்கு கடை போடணும்.”